நட்சத்திரக் குறி கொடுத்த மனுஷன் – ஸ்டீபன் கோல் கிளேனி

யூனிக்ஸ் லேபில் 'கிரெப்' கமாண்ட் அடிக்காதவங்க நம்ம டிபார்ட்மெண்ட்ல யாரும் இருக்க முடியாது. பத்தாயிரம் வரி இருக்கிற ஃபைலில் நமக்கு வேண்டிய நாலு வரியை மட்டும் வடிகட்டிக் கொடுக்கும் கமாண்ட் அது. அதற்குள் நாம எழுதுற ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி (*) வரும். தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் பேப்பரில் அதற்குப் பெயர் கிளேனி ஸ்டார். இரண்டு மார்க் கேள்விக்கு அந்தப் பெயரை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துடுவோம். யார் அந்தக் கிளேனி?

அவர் கம்ப்யூட்டர் இன்ஜினியர் கிடையாது. சாஃப்ட்வேர் எழுதிப் பெயர் வாங்கியவரும் இல்லை. பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு, எதையெல்லாம் கணக்கிட முடியும், எதையெல்லாம் முடியாது என்று வாழ்நாள் முழுக்க யோசித்த ஒரு கணிதப் பேராசிரியர். அவர் வரைந்த ஒரு எல்லைக்கோட்டை மறந்ததால்தான், அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து இணையத்தின் ஒரு பெரிய பகுதியே 27 நிமிடம் முடங்கியது. அந்தக் கதைக்கும் வருவோம்.

பண்ணையும் பள்ளியும்

ஸ்டீபன் கோல் கிளேனி 1909 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்ட் நகரில் பிறந்தார். அப்பா பொருளாதாரப் பேராசிரியர். அம்மா கவிஞர். வீட்டில் ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் கவிதை. மெயின் மாநிலத்தில் குடும்பத்துக்கு ஒரு பண்ணை இருந்தது. அந்த மண்ணின் மேல் அவருக்குக் கடைசி வரை ஒட்டுதல் குறையவே இல்லை. மலையேறுவதிலும் காடு மேடு சுற்றுவதிலும் அவருக்கு இருந்த பைத்தியம் வயதான பிறகும் போகவில்லை.

இந்த இடத்தில் பெயர் விஷயத்தையும் முடிச்சிடுவோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கிளீன்' என்றும் 'கிளீனி' என்றும் பலர் வாசிக்கிறார்கள். அவர் தன் பெயரைக் 'கிளேனி' என்றுதான் உச்சரித்தார். அந்த உச்சரிப்பு தெரிந்த எந்த மொழியிலும் சரி கிடையாது, அது அப்பாவே உருவாக்கிக்கொண்டது என்று அவருடைய மகனே பின்னாளில் எழுதிவைத்தார். எது எப்படியோ, அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே நாமும் சொல்வோம்.

1930-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் முடித்துவிட்டு, பிஎச்டி செய்ய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் போனார். அங்கே அவருக்கு வாய்த்த கைடு அலோன்சோ சர்ச். லாம்டா கால்குலஸ் கண்டுபிடித்தவர். பைத்தானில் 'லாம்டா' என்று ஒரு வரியில் ஃபங்ஷன் எழுதுறோமே, அந்தச் சொல்லின் மூலம் அங்கேதான்.

பல்லைப் பிடுங்கும்போது வந்த விடை

சர்ச் அப்போது ஒரு பெரிய கனவில் இருந்தார். ஃபங்ஷன்களை மட்டும் வைத்து கணிதம் முழுவதற்கும் ஒரு புதிய அடித்தளம் போட வேண்டும் என்பது அந்தக் கனவு. அந்த அமைப்புக்குள் எண்களை எழுதிக்காட்டுவது எப்படி என்பதுதான் கிளேனியின் வேலை. எண் என்று தனியாக ஒன்றும் கிடையாது, எல்லாமே ஃபங்ஷன். ஒரு எண்ணோடு ஒன்றைக் கூட்டுவது சுலபமாக வந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கழிப்பது வரவே இல்லை. நமக்கு 'எக்ஸ் மைனஸ் ஒன்று' என்பது ஒரு விஷயமா? அந்த அமைப்பில் அது பெரிய மலை. அது முடியாத காரியமோ என்று சர்ச்சே நினைக்க ஆரம்பித்திருந்தார்.

1932-இல் கிளேனி பல் டாக்டரிடம் போனார். ஞானப்பல் பிடுங்கினார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் வழி தோன்றியது. ஒரு எண்ணை மட்டும் கொண்டுபோகாமல், அந்த எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணையும் ஜோடியாக வைத்துக்கொண்டு ஏறினால், மேலே போய்ச் சேரும்போது முந்தைய எண் கையில் இருக்கும். அவ்வளவுதான். லூப்பில் பழைய மதிப்பை இன்னொரு வேரியபிளில் சேமித்து வைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே யோசனை. மயக்க மருந்தின் புண்ணியமோ என்னவோ, கணினி அறிவியல் வட்டாரத்தில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது.

அந்த ஒரு படி ஏறியதும் மற்றதெல்லாம் மளமளவென்று வந்தன. யோசிக்க முடிந்த எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் லாம்டாவில் எழுத முடிகிறதே என்று ஆச்சரியம் வந்தது. கணக்கிடக்கூடியது எல்லாமே இதற்குள் அடங்கும் என்ற துணிச்சலான எண்ணம் சர்ச்சுக்குப் பிறந்தது அந்தச் சூழலில்தான்.

குருவின் கோட்டையை இடித்த சீடர்கள்

அடுத்து நடந்தது சினிமாத் திருப்பம். 1934-இல் கிளேனி பிஎச்டி வாங்கினார். ஆய்வு முழுவதும் சர்ச்சின் அமைப்புக்குள் செய்தது. 1935-இல் கிளேனியும் சக மாணவர் ஜே. பார்க்லி ராஸரும் சேர்ந்து, அந்த அமைப்பே முரண்பாடு கொண்டது என்று நிரூபித்துவிட்டார்கள். முரண்பாடு உள்ள அமைப்பில் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். இரண்டும் இரண்டும் ஐந்து என்றுகூட. அப்படிப்பட்ட அமைப்பில் செய்த நிரூபணத்துக்கு என்ன மரியாதை?

சொந்தக் கைடு கட்டிய கோட்டையை, சொந்தத் தீசிஸ் நிற்கும் தரையோடு சேர்த்து இடிப்பது லேசான காரியமா? அதை மறைக்காமல் கட்டுரையாக வெளியிட்டார்கள். சர்ச்சும் அதைப் பகையாக எடுத்துக்கொள்ளவில்லை. இடிபாட்டுக்குள் முரண்பாடு தொடாத ஒரு பகுதி மட்டும் கெட்டியாக நின்றது. அதுதான் நமக்கு இன்று வந்திருக்கும் லாம்டா கால்குலஸ். கிளேனியும் தன் வேலையைத் திரும்ப அந்தக் கெட்டியான பகுதியின் மேல் எழுதினார்.

அதே சமயம், 1934-இல் குர்ட் கோடல் பிரின்ஸ்டன் வந்து விரிவுரைகள் நடத்தினார். உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தவர்கள் கிளேனியும் ராஸரும்தான். கணக்கிடுவது என்றால் என்ன என்பதற்கு கோடல் இன்னொரு வரையறை கொடுத்தார். அதுவும் சர்ச்சின் லாம்டாவும் ஒரே ஃபங்ஷன்களைத்தான் பிடிக்கின்றன என்று கிளேனி 1936-இல் நிரூபித்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆலன் டூரிங் தன் கற்பனை மெஷினோடு வந்தார். அதுவும் அதே இடத்தில் போய் நின்றது. வெவ்வேறு பாதைகள், ஒரே உச்சி. சர்ச்சின் கருத்துக்கு 'தீசிஸ்' என்று பெயர் வைத்துப் புத்தகத்தில் நிலைநிறுத்தியவர் கிளேனி. சர்ச்–டூரிங் தீசிஸ் என்று நாம படிக்கிற பெயரில் பாதி அவர் வைத்தது.

வேலை கிடைத்த கதை சாதாரணம்தான். பொருளாதார மந்த காலம். 1935-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இன்ஸ்ட்ரக்டர் ஆனார். 1941-இல் தான் படித்த ஆம்ஹர்ஸ்டுக்கே ஆசிரியராகப் போனார். அடுத்த ஆண்டு நான்சி எலியட்டை மணந்தார், நான்கு பிள்ளைகள். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, இளம் அதிகாரிகளுக்குக் கப்பல் வழி கணிக்கும் பாடம் நடத்தினார். பிறகு வாஷிங்டனில் கடற்படை ஆய்வுக்கூடத்தில் வேலை. போர் முடிந்து 1946-இல் விஸ்கான்சின் திரும்பியவர், அதன் பிறகு அங்கேயே தங்கிவிட்டார்.

மூளையைப் பற்றி ஒரு கேள்வி

இப்போ நம்ம நட்சத்திரத்துக்கு வருவோம். 1951 கோடை விடுமுறை. கிளேனி கலிஃபோர்னியாவில் உள்ள ராண்ட் நிறுவனத்தில் சில மாதம் ஆய்வு செய்யப் போனார். அங்கே அவர் எடுத்துக்கொண்டது 1943-இல் வாரன் மெக்கலக்கும் வால்டர் பிட்ஸும் எழுதிய ஒரு கட்டுரை. மெக்கலக் மூளை-மனநல மருத்துவர். பிட்ஸ், கல்லூரிப் பட்டம்கூட இல்லாத இருபது வயதுப் பையன். மூளையில் இருக்கும் நியூரான்களை வெறும் சுவிட்சுகளாக எண்ணிப் பார்க்கலாம், போதுமான தூண்டுதல் வந்தால் ஆன், இல்லாவிட்டால் ஆஃப் என்று அவர்கள் ஒரு மாதிரியைச் செய்திருந்தார்கள். இன்றைக்கு நியூரல் நெட்வொர்க் என்று ஆளாளுக்குப் பேசுறோமே, அதற்கு ஆதி மூலம் அதுதான்.

கிளேனி கேட்ட கேள்வி எளிமையானது. இப்படிப்பட்ட சுவிட்சுகள் கொஞ்சத்தைக் கம்பியால் இணைத்து ஒரு வலை செய்தால், அந்த வலை எதையெல்லாம் அடையாளம் காண முடியும்? அதாவது, நேரம் ஆக ஆக உள்ளே சிக்னல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இதுவரை வந்த சிக்னல் வரிசை இன்ன மாதிரி இருந்தால் விளக்கு எரிய வேண்டும் என்றால், எந்தெந்த 'மாதிரி'களுக்கு அப்படி ஒரு வலை கட்ட முடியும்? எதற்கு முடியவே முடியாது?

பத்து சுவிட்ச் இருந்தால் மொத்தம் 1,024 நிலைகள்தான். நிலைகளின் எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் ஒரு எல்லைக்குள் நிற்கும். சிக்னல் கோடி வந்தாலும், வலைக்கு நினைவில் நிற்பது இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பது மட்டும்தான். பேப்பரில் வட்டம் வட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுக்கிறோமே, அந்த ஃபைனைட் ஆட்டோமேட்டா இதுதான்.

கிளேனி கண்டுபிடித்த விடை மூன்றே செயல்கள். இதுவோ அதுவோ, இதற்குப் பின் அது, இதே திரும்பத் திரும்ப எத்தனை முறை வேண்டுமானாலும், ஒரு முறைகூட வராமலும். இந்த மூன்றை வைத்துக் கட்டக்கூடிய மாதிரி எதுவானாலும் அதற்கு ஒரு வலை உண்டு. அதற்கு நேர் எதிராக, எந்த வலையைக் கொடுத்தாலும் அது அடையாளம் காண்பதை இந்த மூன்றாலேயே எழுதிவிடலாம். இதுதான் கிளேனியின் தேற்றம். இரண்டு பக்கமும் பொருந்துவதுதான் இதன் அழகு. மெஷினும் குறியீடும் ஒன்றுக்கொன்று கண்ணாடி.

மூன்றாவது செயலுக்கு அவர் போட்ட அடையாளம்தான் நட்சத்திரம். ஒரு சுவாரஸ்யம், அவருடைய கட்டுரையில் நட்சத்திரம் நாம போடுற மாதிரி ஒரு எழுத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு நிற்காது. கூட்டல் குறி போல இரண்டுக்கும் நடுவில் வரும். இடது பக்கம் இருப்பது எத்தனை முறையும் வரலாம், கடைசியில் வலது பக்கம் இருப்பது வர வேண்டும் என்று அர்த்தம். பின்னால் வந்தவர்கள்தான் அதை இன்றைய வடிவத்துக்குச் சுருக்கினார்கள்.

இந்த மாதிரிகளுக்கு அவர் வைத்த பெயர் 'ரெகுலர்'. அந்தப் பெயரில் அவருக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் சொல்லுங்கள் என்று கட்டுரையிலேயே வாசகர்களைக் கேட்டிருந்தார். அந்தப் பெயர் மாறவே இல்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் என்னப்பா ரெகுலர் என்று குழம்புறவங்க இனிமேல் குழம்ப வேண்டாம். அவசரத்துக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கிச்சு.

1951 டிசம்பரில் ராண்ட் அறிக்கையாக எழுதியது, 1956-இல் கிளாட் ஷானனும் ஜான் மெக்கார்த்தியும் தொகுத்த நூலில் அச்சானது. கிளேனி திரும்பத் தன் பழைய தர்க்கவியல் பக்கமே போய்விட்டார். விதை போட்டவர் நடந்து போய்விட, மரம் வளர ஆரம்பித்தது.

தியரி, கமாண்ட் ஆனது எப்படி?

1959-இல் மைக்கேல் ரேபினும் டேனா ஸ்காட்டும் நான்டிடெர்மினிஸ்டிக் ஆட்டோமேட்டா என்ற கருத்தைக் கொண்டுவந்தார்கள். இவர்களும் சர்ச்சின் மாணவர்கள்தான், கிளேனிக்குத் தம்பிமார் முறை. இந்த வேலைக்காக 1976-இல் இருவருக்கும் டூரிங் விருது கிடைத்தது.

1968-இல் பெல் லேப்ஸில் இருந்த கென் தாம்ப்ஸன், எடிட்டரில் சொல் தேடுவதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனைப் பயன்படுத்தினார். அவர் எழுதிய கட்டுரை மொத்தம் நாலே பக்கம். நீங்க எழுதுற பேட்டர்னை ஐபிஎம் 7094 கணினியின் மெஷின் கோடாகவே மாற்றிவிடும் ஒரு குட்டி கம்பைலர் அது. பல வழிகளில் பொருந்த வாய்ப்பு இருந்தால், ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துத் திரும்பி வராமல், எல்லா வழிகளிலும் ஒரே நேரத்தில் கால் வைத்தபடி நடக்கும். அதனால் ஒரு எழுத்தை ஒரு முறை படித்தால் போதும்.

பிறகு யூனிக்ஸ் வந்தது. அதன் எடிட்டரான 'இடி'-யில், ஃபைல் முழுவதும் தேடு, இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் இருக்கும் வரியை அச்சிடு என்று ஒரு கட்டளை. குளோபல், ரெகுலர் எக்ஸ்பிரஷன், பிரிண்ட். அந்த மூன்றின் எழுத்துகளைச் சேர்த்தால் 'கிரெப்'. பெல் லேப்ஸில் லீ மெக்மஹன் என்பவர், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 18-ஆம் நூற்றாண்டில் புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் எதை யார் எழுதினார் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய உரையை அன்றைய எடிட்டர் தாங்கவில்லை. எடிட்டருக்குள் இருந்த தேடும் பகுதியைத் தாம்ப்ஸன் வெளியே எடுத்துத் தனிக் கருவியாக்கினார். ஃபைல் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றத் தேவையில்லை. ஒரு வரி படி, பொருந்துதா பார், பொருந்தினால் அச்சிடு, மறந்துவிடு, அடுத்த வரி. 1973-இல் கிரெப் யூனிக்ஸ் கையேட்டில் ஏறிவிட்டது.

ஒரு உதாரணம் பார்ப்போம். ரிசல்ட் ஃபைலில் இப்படி வரிகள் இருக்குன்னு வைங்க:

கவிதா,கணிதம்,பாஸ்
முருகன்,கணிதம்,அரியர்
முருகன்,தியரி,பாஸ்
கவிதா,தியரி,அரியர்

கிரெப் 'அரியர்$' என்று கொடுத்தால் இரண்டாவதும் நான்காவதும் வரும். டாலர் குறி என்றால் வரியின் முடிவு. முருகனின் அரியர் மட்டும் வேண்டுமா? கிரெப் '^முருகன்,.*அரியர்$' என்று கொடுங்க. கேரட் குறி என்றால் வரியின் ஆரம்பம். புள்ளி என்றால் ஏதாவது ஒரு எழுத்து. அதன் பின்னால் நம்ம கிளேனியின் நட்சத்திரம், அதாவது அந்த ஏதாவது ஒன்று எத்தனை முறை வந்தாலும் சரி.

இங்கே பலர் வழுக்கும் இடம் இரண்டு. ஷெல்லில் ஃபைல் பெயருக்குப் போடும் நட்சத்திரம் தானே எதையும் குறிக்கும். ரெஜெக்ஸில் நட்சத்திரம் தனியாக எதையும் குறிக்காது, முன்னால் நிற்பதைத்தான் திரும்பச் சொல்லும். இரண்டாவது, 'ஒரு முறைகூட வராமலும்' என்ற கிளேனியின் நிபந்தனை. கிரெப் 'ஆ*' என்று தேடினால் 'ஆ' இல்லாத வரியும் வந்து விழும். ஏன்னா பூஜ்ஜியம் தடவை 'ஆ' எல்லா வரியிலும் இருக்கே!

தமிழில் தேடுறவங்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. 'தமிழ்' என்பது நம்ம கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. அதனால் மூன்று புள்ளி வைத்த '^...$' அதைப் பிடிக்காது, ஐந்து புள்ளி வைத்தால்தான் பிடிக்கும்.

எல்லைக்கோட்டைத் தாண்டினால்

கிளேனியின் தேற்றம் ஒரு வேலியும் போடுகிறது. எல்லைக்குட்பட்ட நிலைகள் மட்டுமே உள்ள மெஷினால் எண்ணிக்கொண்டே போக முடியாது. எத்தனை அடைப்புக்குறி திறந்ததோ அத்தனை மூடியிருக்கா என்பதை எந்த ஆழத்துக்கும் சரிபார்க்க அதனால் ஆகாது. அதனால்தான் எச்டிஎம்எல் முழுவதையும் ரெஜெக்ஸால் பிரிக்காதே என்று சீனியர்கள் கத்துகிறார்கள். அதற்குப் பதிலாக, வேலிக்குள் இருக்கும் வரை வேகம் நிச்சயம். வரி எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கு மட்டுமே வேலை.

பின்னால் வந்த பெர்ல், பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் முதலிய மொழிகளின் ரெஜெக்ஸ் எஞ்சின்கள் வேலியைத் தாண்டிப் புதுப் புது வசதிகள் சேர்த்தன. முன்பு பிடித்த சொல்லே மறுபடி வருகிறதா என்று பார்க்கும் பேக்ரெஃபரன்ஸ் அதில் ஒன்று. அதற்காகத் தாம்ப்ஸனின் முறையை விட்டுவிட்டு, ஒரு வழியில் போய்ப் பார், முட்டினால் திரும்பி வந்து அடுத்த வழி என்ற பேக்டிராக்கிங் முறைக்குப் போயின. பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனா '^(அ+)+$' போல ஒரு பேட்டர்ன் எழுதி, 30 'அ' வைத்துக் கடைசியில் ஒரு 'ஆ' போட்டால்? அந்த 30 எழுத்தைக் குழு குழுவாகப் பிரிக்க 50 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. எளிய பேக்டிராக்கிங் எஞ்சின் ஒவ்வொன்றையும் முயன்று பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று சொல்லும். இன்னொரு 'அ' சேர்த்தால் வேலை இரண்டு மடங்கு. தாம்ப்ஸன் முறைக்கோ அது 31 எழுத்து, அவ்வளவுதான்.

இது வெறும் பரீட்சைக் கணக்கு இல்லை. 2016 ஜூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடம் படுத்தது. ஒரு பதிவில் தொடர்ந்து சுமார் 20,000 வெற்று இடங்கள் இருந்தன. வரியின் ஓரத்தில் இருக்கும் வெற்று இடத்தை வெட்ட எழுதிய எளிய ரெஜெக்ஸ், அதில் 20 கோடி தடவை சோதித்துக்கொண்டு நின்றது. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில், பாதுகாப்பு விதி ஒன்றுக்காகச் சேர்த்த புதிய ரெஜெக்ஸில் புள்ளி-நட்சத்திரம் அடுத்தடுத்து வந்தது. உலகம் முழுக்க அவர்களின் சர்வர்களில் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டது. 27 நிமிடம், அவர்களை நம்பியிருந்த தளங்கள் பிழைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. பேக்டிராக்கிங் செய்யாத எஞ்சினுக்கு மாறுவது அதற்கு அவர்கள் எடுத்த தீர்வுகளில் ஒன்று. கூகுளின் ஆர்இ2, கோ மொழியின் ரெஜெக்ஸ், ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் எல்லாம் அந்தப் பழைய வேலிக்குள்ளேயே நிற்பவை. பேக்ரெஃபரன்ஸ் கிடையாது, ஆனா தொங்காது.

பேராசிரியர் கிளேனி

இவை எதையும் பார்க்க கிளேனி இல்லை. அவர் வாழ்க்கை விஸ்கான்சினில் பாடம், புத்தகம், நிர்வாகம் என்று ஓடியது. 1952-இல் அவர் எழுதிய 'இன்ட்ரடக்ஷன் டு மெட்டாமேத்தமேட்டிக்ஸ்' தலைமுறை தலைமுறையாகத் தர்க்கவியல் மாணவர்களின் கையில் இருந்தது. நம்ம படிப்புக்குள் அவர் வேறு பெயர்களிலும் ஒளிந்திருக்கிறார். தன்னையே அச்சிட்டுக்கொள்ளும் புரோகிராம் எழுத முடியும் என்பதற்குப் பின்னால் இருப்பது 1938-இல் அவர் கொடுத்த ரிகர்ஷன் தேற்றம். டேட்டாபேஸ் பேப்பரில் 'நல்' வந்தால் உண்மை, பொய், தெரியாது என்று மூன்று விடை வருகிறதே, அந்த அட்டவணையும் கிளேனியின் மும்மதிப்புத் தர்க்கத்தோடு அப்படியே பொருந்தும்.

1969 முதல் 1974 வரை கலை அறிவியல் பிரிவின் டீனாக இருந்தார். சும்மா இருந்த காலம் இல்லை அது. வியட்நாம் போருக்கு எதிரான போராட்டங்களால் மேடிசன் வளாகம் கொதித்துக்கொண்டிருந்தது. 1970 ஆகஸ்டில் ராணுவத்துக்கான கணித ஆய்வு மையம் இருந்த கட்டடத்தில் குண்டு வெடித்தது. அந்த ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இளம் இயற்பியல் ஆய்வாளர் உயிரிழந்தார். அதே 1970-இல்தான் கிளேனி தன் மனைவி நான்சியையும் இழந்தார். பல ஆண்டு கழித்து 1978-இல் மறுமணம் செய்துகொண்டார். 1979-இல் ஓய்வு பெற்றார். 1983-இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஸ்டீல் பரிசும், 1990-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் கிடைத்தன. 1994 ஜனவரி 25 அன்று மேடிசனில் காலமானார். வயது 85.

இந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது அவர் 'முடியாது' என்ற சொல்லுக்குக் கொடுத்த மரியாதை. கழித்தல் முடியாது என்று எல்லாரும் நினைத்தபோது முடியும் என்று காட்டினார். குருவின் அமைப்பு நிற்கும் என்று நம்பியபோது நிற்காது என்று காட்டினார். மூளை மாதிரியான வலையால் எது முடியும், எது முடியாது என்று கேட்டபோது கோட்டைச் சரியான இடத்தில் போட்டார். மூன்று தடவையும் அவர் ஊகத்தோடு நிறுத்தவில்லை, நிரூபித்தார்.

அடுத்த தடவை ரெஜெக்ஸ் எழுதும்போது அந்தக் கோட்டை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. நட்சத்திரத்துக்குள் நட்சத்திரமோ, பிளஸ்ஸுக்குள் பிளஸ்ஸோ இருக்கா? இருந்தால் மாற்றி எழுத வழி தேடுங்க. ரெஜெக்ஸை யாரோ முன்பின் தெரியாதவர் டைப் செய்யும் உரையின் மேல் ஓட்டுறீங்களா? அப்போ உங்க மொழியின் எஞ்சின் பேக்டிராக்கிங் வகையா என்று முதலில் பாருங்க. பொருந்தும் வரியை மட்டும் வைத்துச் சோதித்தால் போதாது. கடைசி எழுத்தில் பொருந்தாமல் போகும் நீளமான வரி ஒன்றையும் கொடுத்துப் பாருங்க. மெஷின் மூச்சு வாங்கினால், கிளேனியின் வேலிக்கு வெளியே நிற்கிறீங்கன்னு அர்த்தம்.